வண்டி மாறினாலும் ஒரே டிக்கெட்: எத்தனை பேர் கூடுவார்கள் என்று கணக்குப் போடும் விதம்

கட்டண ஒருங்கிணைப்பு என்றதும் பலருக்குக் கார்டுதான் ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு. 1997-இல் ஹாங்காங்கில் வந்த ஆக்டோபஸ் கார்டை வைத்துப் பல நிறுவனங்களின் வண்டிகளில் ஏறலாம். ஆனால் கட்டணத்தை நிர்ணயிப்பது அந்தந்த நிறுவனம்தான். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1965-இல் பல நிறுவனங்கள் கூடி உருவாக்கிய கூட்டமைப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டண அமைப்பு, ஒரே டிக்கெட். கணிப்பு கடினமாவது இந்த இரண்டாவது வகையில்தான்.

இந்த வேலையில் நான் போட்ட முதல் கணிப்பு படு கேவலமாகத் தவறியது. காரணம் சூத்திரம் அல்ல. ஏறிய எண்ணிக்கையைப் பயணிகள் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டேன். பேருந்தில் ஏறி, ரயிலுக்கு மாறி அலுவலகம் போகிறவர் மெஷினில் இரண்டு முறை பதிவாகிறார், பயணம் ஒன்றுதான்.

அதனால் முதல் வேலை, பதிவுகளைக் கோத்துப் பயணங்களாக்குவது. இறங்கும்போது கார்டு தட்டாத பேருந்துகளில் இறங்கிய இடம் தெரியாது. அடுத்து எங்கே தட்டுகிறாரோ, அதற்குப் பக்கத்து நிறுத்தத்தில் இறங்கினார் என்று கொள்ளுங்கள். அன்றைய கடைசிப் பயணம் என்றால், காலையில் முதலில் ஏறிய இடத்துக்குத் திரும்பினார் என்று கொள்ளுங்கள். இறங்கி 30 நிமிடத்துக்குள் மறுபடி ஏறினால் அதே பயணத்தின் தொடர்ச்சி. ஆனால் அதே தடத்தில் எதிர்த்திசையில் ஏறினால் அது தொடர்ச்சி அல்ல. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்புகிறவர் அவர்.

அடுத்து, பாஸ் வைத்திருப்பவர்களைத் தனியே பிரியுங்கள். இரண்டு வண்டிக்கும் செல்லும் மாத பாஸ் இருந்தால், இன்னொரு முறை ஏறுவதற்கு அவர் இப்போதே எதுவும் தருவதில்லை. பாஸ் விலை மாறாதவரை புதுச் சலுகையால் அவருக்கு லாபம் இல்லை. இவர்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் கணிப்பு ஊதிப்போகும்.

மீதிப் பேருக்குத்தான் விலை நெகிழ்ச்சி, அதாவது கட்டணம் 1 சதவீதம் மாறினால் பயணிகள் எத்தனை சதவீதம் மாறுவார்கள் என்ற கணக்கு. இத்துறையில் பழைய சிம்ப்சன்-கர்ட்டின் விதி ஒன்று உண்டு: கட்டணம் 3 சதவீதம் ஏறினால் பயணிகள் 1 சதவீதம் குறைவார்கள். அதாவது நெகிழ்ச்சி சுமார் -0.3. கட்டண உயர்வுகளைப் பார்த்து எழுதிய விதி என்பதால் குறைப்புக்கு அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். கூட்ட நேரத்துப் பயணிகளைவிட மற்ற நேரத்துப் பயணிகள் சுமார் இரு மடங்கு விலை பார்ப்பவர்கள். எனவே -0.2 முதல் -0.4 வரை மூன்று கணக்காவது போடுங்கள்.

ஒரு உதாரணம். பேருந்துக்கு 10, ரயிலுக்கு 20. புது டிக்கெட்டில் இரண்டும் சேர்த்து 22. தினம் 1,000 பேர் மாறிப் பயணிக்கிறார்கள். மாற்றம் பெரிது என்பதால் சதவீதத்தை நேராகப் பெருக்காமல், புதுக் கட்டணத்தைப் பழைய கட்டணத்தால் வகுத்து, -0.3-ஐ அடுக்காகப் போடுங்கள். விடை சுமார் 1.097. ஆக, 97 புதுப் பயணங்கள். (கட்டணத்தைப் பூஜ்யமாக்கினால் இந்தச் சூத்திரம் படுத்துவிடும். இலவசப் பயணத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.)

இதோடு, நேர்ப் பேருந்துக்கு 22 கொடுத்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்த 200 பேர், அதே காசுக்குப் பேருந்தும் ரயிலும் கிடைக்கிறதே என்று மாறுகிறார்கள் என்று வையுங்கள். ஏறுதல் கணக்கில் 97 பேருக்கு 194, இவர்களுக்குக் கூடுதலாக 200, ஆக 394. மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் “394 புதிய பயணிகள்” என்று யாராவது எழுதுவார்கள். எழுதவிடாதீர்கள்.

வரவையும் அங்கேயே பாருங்கள். மாறிப் போகிறவர்களிடம் முன்பு வந்தது 30,000. இனி வருவது சுமார் 24,100. துண்டு விழும் 5,900-ஐ யார் சுமப்பது, வருவதை எப்படிப் பங்கிடுவது என்பதைத் தொடங்கும் முன்பே எழுத்தில் முடித்துவிடுங்கள். ஏறுதல் எண்ணிக்கைப்படி பங்கிட்டால், தடங்களைத் துண்டாக்கி மக்களை மாற வைக்கிற நிறுவனத்துக்கே லாபம். பயணி-கிலோமீட்டர்படி, அதாவது எத்தனை பேரை எவ்வளவு தூரம் ஏற்றிச் சென்றார்கள் என்பதை வைத்துப் பங்கிடுவது ஓரளவு நியாயம்.

இன்னொன்று. காசு குறைந்தாலும் காத்திருப்பு குறையவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்த 1 நிமிடத்தைவிட, நிறுத்தத்தில் நின்ற 1 நிமிடம் ஏறக்குறைய இரண்டு நிமிடமாகத்தான் மனதில் பதியும். 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில் டிக்கெட்டை எவ்வளவு ஒன்றாக்கினாலும் கூட்டம் பெரிதாக வராது. அத்தகைய தடங்களுக்கு நான் நெகிழ்ச்சியின் கீழ் எல்லையையே, அதாவது -0.2-ஐயே எடுப்பேன்.

திட்டம் தொடங்கிய பிறகு, வண்டி மாறாத, கட்டணமும் மாறாத பயணங்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, போன ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிடுங்கள். மூன்றே மாதத்தில் தீர்ப்பு எழுத வேண்டாம். மக்கள் வீடும் வேலையும் மாற்றும்போதுதான் முழு விளைவும் தெரியும், நீண்ட கால நெகிழ்ச்சி பல சமயம் முதல் ஆண்டைப்போல் இரு மடங்கு வரை போகும். ஆனால் இந்த ஒப்பீட்டுக்குத் தொடங்குவதற்கு முந்தைய ஓராண்டின் மூலப் பதிவுகள் வேண்டும். சர்வரில் இடம் இல்லை என்று சொல்லி அதை அழித்துவிடுவார்கள். இன்றே ஒரு நகல் எடுத்து வையுங்கள்.