லேப்டாப்பில் படம் வரவில்லையா? எதையும் அழிப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கடலூரில் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் இருக்கிற சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கிற புகார் இது: பக்கம் திறக்கிறது, எழுத்தெல்லாம் வருகிறது, படம் மட்டும் இல்லை. பெரும்பாலும் பத்து நிமிட வேலைதான். வீட்டிலேயே எதையாவது அழுத்திப் பார்த்து, சின்னச் சிக்கலைப் பெரிதாக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். கடைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையன்களும் வந்த முதல் வாரமே அதே தப்பைச் செய்கிறார்கள். வைஃபை ஆனில் இருக்கிறதா, டேட்டா தீர்ந்துவிட்டதா என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடலாம்.

எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் அழிப்பது

"படம் வரலையா? கேஷ் கிளியர் பண்ணு." யாரோ சொல்லிவிடுகிறார்கள். கேஷ் என்றால் பார்த்த பக்கங்களிலிருந்து பிரவுசர் லேப்டாப்பில் சேமித்து வைக்கிற நகல். கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் குரோமில் ஒரு பெட்டி திறக்கும். அதில் ஹிஸ்டரி, குக்கீஸ், கேஷ் மூன்றுக்கும் பொதுவாக முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். காலத்தை 'ஆல் டைம்' என்று மாற்றி அப்படியே அழுத்திவிடுகிறார்கள். குக்கீஸ் என்பது தளங்கள் உங்களை நினைவில் வைக்கிற குறிப்புகள்; அவை போனால் பெரும்பாலான தளங்களிலிருந்து லாகவுட் ஆகிவிடும். அப்போதும் படம் வராததால் பதற்றத்தில் பாஸ்வேர்டுகளையும் சேர்த்து அழிப்பார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னமும் எரிச்சல் வருகிறது. சிங்க் ஆனில் இருந்தால், கூகுள் கணக்கில் சேமித்த பாஸ்வேர்டுகள் லேப்டாப்பிலிருந்து மட்டுமல்ல, போனிலிருந்தும் போய்விடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு இதுதான் நடந்தது. வேலை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் சாயங்காலம். படிவத்தில் கேப்சா படம் மட்டும் தெரியவில்லை. மொத்தத்தையும் அழித்தான். கேப்சா வரவில்லை, பாஸ்வேர்டும் போயிற்று. புது பாஸ்வேர்டு போடலாம் என்றால் ஓடிபி போகிற நம்பர் எப்போதோ தூக்கிப்போட்ட பழைய சிம். அந்த வாய்ப்பு அதோடு முடிந்தது. உண்மையில் கேப்சாவை மறித்து வைத்திருந்தது விளம்பரத்தைத் தடுக்கிற ஒரு எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த ஒரு சின்ன நிரல். கண்ட்ரோல், ஷிஃப்ட், 'என்' (N) அழுத்தி இன்காக்னிட்டோவில் அதே பக்கத்தைத் திறந்திருந்தால் படம் வந்திருக்கும். நாமாக அனுமதிக்காத வரை எக்ஸ்டென்ஷன்கள் அங்கே வேலை செய்யாது.

ஆகவே அழிப்பதற்கு முன்னால் காரணத்தைப் பாருங்கள். எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய் 'ஐஎம்ஜி' வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து, எஃப்5 அழுத்திப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். வராத படங்கள் சிவப்பு வரிகளாக நிற்கும், பக்கத்திலேயே காரணமும் இருக்கும். 404 என்றால் அந்தப் படம் சர்வரிலேயே இல்லை, உங்கள் லேப்டாப்பில் எதைத் தட்டினாலும் வராது. 403 என்றால் சர்வர் தர மறுக்கிறது. 'பிளாக்ட்' என்று இருந்தால் பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன்தான்; ஒவ்வொன்றாக ஆஃப் செய்து பாருங்கள். 'நேம் நாட் ரிசால்வ்ட்' என்று இருந்தால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை வைத்து அதன் சர்வர் முகவரியைக் கண்டுபிடிக்கிற சேவையில்.

கேஷ்தான் காரணம் என்று தோன்றினால் முதலில் கண்ட்ரோல், எஃப்5. அந்தப் பக்கம் மட்டும் புதிதாக இறங்கும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் அந்தப் பெட்டி. அப்போதும் ஹிஸ்டரி, குக்கீஸ் டிக்கை எடுத்துவிட்டு, 'கேஷ்ட் இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்' ஒன்றில் மட்டும் டிக் இருக்கட்டும். பாஸ்வேர்டுகளை அழிக்கிற 'அட்வான்ஸ்டு' பக்கம் போகவே வேண்டாம்.

எழுத்து வந்தால் நெட் சரி என்று நினைப்பது

இன்றைக்குப் பெரிய தளங்களில் எழுத்து ஒரு சர்வரிலிருந்தும் படம் வேறொரு சர்வரிலிருந்தும் வருகிறது. இரண்டாவதன் முகவரியை உங்கள் லைனின் டிஎன்எஸ் கண்டுபிடிக்கவில்லை என்றால் படம் மட்டும் வராது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை அதில் இணையுங்கள். படம் வந்துவிட்டால் பெரும்பாலும் லேப்டாப் மேல் குற்றமில்லை, லைன் பக்கம்தான் சிக்கல்.

அப்படியானால் கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்' (ipconfig /flushdns) கொடுங்கள். பிறகும் அப்படியே என்றால், விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை, ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸ் வரை போய் டிஎன்எஸ்ஸை மேனுவல் ஆக்கி, ஐபிவி4-ஐ ஆன் செய்து, முதல் கட்டத்தில் 1.1.1.1, இரண்டாவதில் 8.8.8.8 போடுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் இதைத் தொடாதீர்கள், உள் நெட்வொர்க் அறுந்துபோகும்.

தேதியைப் பார்க்காமல் விடுவது

மழைக்காலத்தில் புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் போகிற ஊர் இது. மெயின் பேட்டரி முழுக்க இறங்கி, மதர்போர்டில் கடிகாரத்துக்கான பேட்டரியும் செத்திருந்தால், ஆன் செய்யும்போது தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் 'இன்னும் ஆரம்பிக்கவில்லை' என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். முழுத் தளமும் அப்படியானால் பெரிய எச்சரிக்கை காட்டும். வேறு சர்வரிலிருந்து வருகிற படம் என்றால் சத்தமே இல்லாமல் விட்டுவிடும். டேட் அண்ட் டைம் பகுதியில் நேர மண்டலம் 5:30 என்று இருக்கிறதா பார்த்து 'சிங்க் நௌ' அழுத்துங்கள். ஆஃப் செய்து ஆன் செய்யும்போதெல்லாம் தேதி ஓடிப்போனால் பேட்டரியை மாற்ற வேண்டும். பல மாடல்களில் அது 3 வோல்ட் சிஆர்2032, ஒயர் வைத்த வகை. வெறும் காசு வடிவ பேட்டரியை வாங்கி வந்து ஒயரைப் பற்றவைக்க முயலாதீர்கள், சூட்டில் வெடிக்கலாம்.

படத்துக்கான அனுமதி

குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், இமேஜஸ். 'ஷோ' என்று இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பழைய பிரவுசர்

ஜேபெக்கோடு இப்போது வெப்பி, ஏவிஐஎஃப் என்ற படக் கோப்பு வகைகளும் வந்துவிட்டன. எட்ஜில் ஏவிஐஎஃப் தெரிவது 2024-ல் வந்த 121-ஆம் பதிப்பிலிருந்துதான். குரோமில் தெரிகிற படம் எட்ஜில் தெரியவில்லை என்றால் அப்டேட் செய்யுங்கள். ஐபோன் தருகிற ஹெச்இஐசி படத்தை அப்படியே ஏற்றிவிட்டு விண்டோஸ் குரோமில் தேடினால் கிடைக்காது, ஜேபெக்காக மாற்றி ஏற்றுங்கள்.

லேப்டாப்பை ஃபார்மட் செய்வது

வேண்டாம்.

படம் கறுப்பாக வந்தால்

இது வராத படமல்ல, வந்து சரியாக வரையப்படாத படம். குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷனை ஆஃப் செய்து பிரவுசரை மூடித் திறங்கள். சரியாகிவிட்டால் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு, ஆக்ஸிலரேஷனை மறுபடி ஆன் செய்துவிடுங்கள். ஆஃபிலேயே விட்டால் வீடியோ பார்க்கும்போது ப்ராசஸர் சூடாகி பேட்டரி சீக்கிரம் இறங்கும்.