பத்து நிமிட மேடைப் பேச்சை வடிவமைப்பது எப்படி?

தமிழ்ச் சங்க விழாவிலோ அடுக்ககத்துப் பொங்கல் விழாவிலோ பத்து நிமிடம் பேச ஒப்புக்கொண்டவர், எழுத உட்காரும் முன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். பேச்சைக் கேட்டு வீடு திரும்பியவரிடம் 'என்ன பேசினார்?' என்று கேட்டால், அவர் எந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும்? அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத வரவில்லையென்றால், உங்களிடம் தலைப்பு இருக்கிறதே தவிரப் பேச்சு இன்னும் உருவாகவில்லை.

அடுத்தது அவை, அதாவது கேட்க வந்திருப்பவர்கள். திருக்குறளில் 'அவையறிதல்' 72ஆம் அதிகாரமாகவும் 'அவையஞ்சாமை' 73ஆம் அதிகாரமாகவும் வருகின்றன. பேச்சாளருக்கு இதைவிடப் பொருத்தமான வரிசை இல்லை. பெங்களூரில் ஒரே அரங்கில், பொதுத்துறை ஆலைகளில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்களும், ஐ.டி. வேலைக்காக அண்மையில் குடியேறிய இளைஞர்களும், தமிழ் பேசினாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் சேர்ந்தே அமர்ந்திருப்பார்கள். ஆகவே செய்யுள்களை அடுக்காமல், மூன்று தரப்பினரும் கண்ணால் கண்ட ஒன்றிலிருந்து தொடங்குவதே நல்லது.

பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் உள்ள திருவள்ளுவர் சிலையைப் பற்றிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். 1991இல் திறக்கப்பட வேண்டிய அந்தச் சிலை, எதிர்ப்பின் காரணமாக 18 ஆண்டுகள் மூடப்பட்டே இருந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இவற்றை ஆண்டு வரிசைப்படி ஒப்பித்தால் அது செய்திக் குறிப்பாகவே நின்றுவிடும். 'நாம் தினமும் கடந்துபோகும் இந்தச் சிலை 18 ஆண்டுகள் ஏன் மூடிக் கிடந்தது?' என்ற கேள்வியுடன் தொடங்கி, அன்றைய மனக்கசப்பைக் கன்னடர், தமிழர் என இரு தரப்புக்கும் நியாயமாக விளக்கி, அயனாவரத்துச் சிலையைக் கடைசிவரை வெளியிடாமல் வைத்திருந்து சொன்னால், 'பிறர் கவிஞரை மதிக்க முன்வந்தபோது நம் கவிஞருக்கும் வழி திறந்தது' என்ற மைய வாக்கியத்தை அவையே எட்டிவிடும். தகவல்கள் அதே தகவல்கள்தான், வரிசை மட்டுமே மாறியிருக்கிறது.

நடுப்பகுதியில் மூன்று கருத்துகளுக்கு மேல் வேண்டாம். வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம், கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. எனவே ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், 'சிலை ஏன் மூடப்பட்டது என்று பார்த்தோம், எப்படித் திறந்தது என்று இனிப் பார்ப்போம்' என்பது போன்ற இணைப்பு வாக்கியத்தை வெளிப்படையாகவே சொல்லுங்கள். எழுத்தில் இது மிகையாகத் தோன்றும்; மேடையில் இதுதான் கேட்பவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறது.

தொடக்கத்தை இறுதியாக எழுதுங்கள், ஏனெனில் எதற்குத் தொடக்கம் என்பது அப்போதுதான் தெரிந்திருக்கும். மேடையில் உள்ளவர்களை ஒவ்வொருவராக விளிப்பதில் இரண்டு நிமிடம் கரைந்துவிடுவதால், தலைவரையும் அவையையும் மட்டும் வணங்கிவிட்டு நேரே பொருளுக்குள் செல்லுங்கள்.

பிறகு முழுப் பேச்சையும் கடிகாரத்தை வைத்து உரக்கப் பேசிப் பாருங்கள். முன்னால் பேசியவர்கள் நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டால் உங்களுக்கு ஐந்து நிமிடமே மிஞ்சும். அந்நிலையில் விட்டுவிட வேண்டிய பகுதியைக் குறிப்பு அட்டையில் முன்கூட்டியே அடைப்புக்குறிக்குள் இட்டு வையுங்கள். முடிவு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டால், நடுவில் எதை விட்டாலும் அவற்றைப் பதறாமல் சொல்லி அமரலாம்.