போர்ட் லூயியின் பழைய அரசு அறிவிப்புகளை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் தம் முன்னோரைத் தேடத் தொடங்கும் தமிழ்க் குடும்பத்தார் பலர், மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடிவரவுப் பதிவேடுகளைப் பார்த்த கையோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்ட் லூயித் துறைமுகத்தில் வெளியான அரசு அறிவிப்புகளையும் புரட்ட வருகிறார்கள். அச்செழுத்து தெளிவாக இருப்பதால் இவற்றை வாசிப்பது எளிது என்று தோன்றிவிடுகிறது. ஆனால், புரியாத சொற்களைவிட, நமக்குத் தெரிந்தவை போலத் தோன்றும் சொற்களே வாசிப்பவரை அதிகம் வழிதவறச் செய்கின்றன.

'மலபார்' என்ற சொல்லைக் கண்டதும் கேரளத்தை நினைப்பது இவற்றுள் முதன்மையான தவறு. பிரெஞ்சுக்காரர் வழக்கில் அது தமிழரையும் பொதுவாகத் தென்னிந்தியரையும் குறித்தது. பிறகு மொரீஷியஸில் இந்துக்களைப் பொதுவாகச் சுட்டும் சொல்லாக விரிந்தது. பக்கத்து ரெயூனியன் தீவிலோ இன்றும் தமிழ் வழியினரையே பெரும்பாலும் குறிக்கிறது. ஆகவே இந்தச் சொல்லை மட்டும் வைத்து ஒருவருடைய ஊரையோ தாய்மொழியையோ முடிவு செய்துவிடக் கூடாது. 'மதராஸ்' என்று இருந்தால் அதைப் பிறந்த ஊராகக் கொள்வதும் இதே வகைப் பிழைதான். அது பெரும்பாலும் கப்பல் ஏறிய துறைமுகம்; அங்கிருந்து தஞ்சாவூர்க்காரரும் வந்தார், விசாகப்பட்டினத்துத் தெலுங்கரும் வந்தார்.

எனக்கு அதிக வருத்தம் தருவது 'ஓல்டு இமிகிரண்ட்' என்பதை 'வயதான குடியேறி' என்று எழுதிவிடும் வழக்கம். தோட்ட வேலைக்கான முதல் ஒப்பந்தக் காலமான 5 ஆண்டுகளைத் தீவில் முடித்தவர் எவரானாலும் அவருக்கு அந்தப் பெயர்தான். இருபது வயதில் வந்திறங்கியவர் இருபத்தைந்திலேயே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவார். இந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் கொடுமை முழுவதும் கண்ணுக்கு மறைந்துபோகும். ஒப்பந்தம் முடிந்து தன் காலில் நிற்க முயன்றவர், தம் புகைப்படம் ஒட்டிய சீட்டையும் காவல்துறை அனுமதிச் சீட்டையும் போகுமிடமெல்லாம் கையில் வைத்திருக்க வேண்டும். காட்டத் தவறினால் நாடோடி என்று கைது செய்யப்படலாம். இதனால் அவதிப்பட்டவர்களுக்காகத் தோட்ட நிர்வாகியாக இருந்த ஐரோப்பியர் அதோல்ஃப் தெ பிளெவிட்ஸ் 1871இல் ஆளுநரிடம் அளித்த மனுவில் 9,401 பேர் ஒப்பமிட்டிருந்தார்கள். 1872இல் அரச ஆணைக்குழு விசாரிக்க வந்ததும் அதன் தொடர்ச்சியே. அந்தச் சீட்டுகளில் இருப்பவை முதியோர் முகங்கள் அல்ல. பெரும்பாலும் உழைக்கும் வயதினரின் முகங்கள்.

இதே காரணத்தால் 'டெசர்ட்டர்', அதாவது ஓடிப்போனவர், என்ற சொல்லைக் குற்றத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தோட்ட முதலாளி வேலைக்கு வராதவர் என்று தெரிவித்ததையே அந்தச் சொல் பதிவு செய்கிறது. அவர் ஏன் வரவில்லை என்பது அதில் இல்லை. கூலி பாக்கி பற்றி நீதிபதியிடம் முறையிடப் போனவர்மீதும் அனுமதியின்றி வராமலிருந்தார் என்ற குற்றச்சாட்டு சுமத்தப்பட்டதுண்டு. ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்த 'இரட்டை வெட்டு' முறையையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பட்டியல்களைப் படியுங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெயர் அதில் இருந்தால், அதை மறைக்க வேண்டிய செய்தியாக எண்ணாதீர்கள்.

'ஆர்டினன்ஸ்' என்பதை அவசரச் சட்டம் என்று மொழிபெயர்ப்பது தமிழருக்கே உரிய தவறு. இந்திய வழக்கு நம் நாவில் பழகியிருப்பதால் இது வருகிறது. அக்கால மொரீஷியஸில் ஆட்சிமன்றம் இயற்றிய வழக்கமான சட்டத்துக்கே அந்தப் பெயர். சட்டம் நிறைவேறிய நாளையும் நடைமுறைக்கு வந்த நாளையும் ஒன்றாக்கிவிடவும் கூடாது. அடிமை ஒழிப்புச் சட்டம் லண்டனில் நிறைவேறியது 1833இல். மொரீஷியஸில் அது நடைமுறைக்கு வந்தது 1835 பிப்ரவரி 1ஆம் தேதி. கப்பல் விஷயத்திலும் அப்படியே. நங்கூரமிட்ட நாளும் ஆள் கரையிறங்கிய நாளும் வேறாக இருக்கலாம், ஏனெனில் காலரா ஐயம் எழுந்தால் பயணிகளை ஃபிளாட் தீவிலோ கேப்ரியல் தீவிலோ தடுத்து வைத்தார்கள். 1856இல் கேப்ரியல் தீவில் அப்படி வைக்கப்பட்டவர்களில் பலர் அங்கேயே மாண்டார்கள். வந்த கப்பலின் பெயர் கிடைத்துவிட்டது என்பதாலேயே அதில் வந்தவர் துறைமுகத்தின் படியேறினார் என்று எழுதிவிட முடியாது.

பணத்தில், பியாஸ்தர் என்ற பழைய நாணயம், ஸ்டெர்லிங் பவுண்டு, ரூபாய் மூன்றும் வருகின்றன. 1877 முதல் ரூபாய் நிலைத்தது, அப்போது ஒரு பியாஸ்தருக்கு 2 ரூபாய் என்பது கணக்கு. நிலத்தில், 'ஆர்ப்பான்' என்ற பிரெஞ்சு அளவு ஏக்கரைவிடச் சற்றே பெரிது.

பெயர்களுக்கு வருவோம். முத்துசாமியின் உகரத்தை ஆங்கில எழுத்தர் இரட்டை ஓவாலும், பிரெஞ்சு எழுத்தர் ஓவும் யூவும் சேர்த்தும் எழுதினார்கள். சின்னத்தம்பியின் சகரம் ஓரிடத்தில் எஸ் எழுத்தின் கீழும் இன்னோரிடத்தில் சி எழுத்தின் கீழும் நிற்கும். ஒன்றில் இல்லை என்று ஏட்டை மூடிவிடுபவர் மற்றொன்றில் இருப்பவரைத் தவறவிடுகிறார். ஒற்றைப் பெயராக வந்தவருடைய பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டதும் உண்டு. ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வழங்கப்பட்ட குடிவரவு எண்ணை அறிவிப்பில் தேடுங்கள். எழுத்துக்கூட்டு எத்தனை விதமாக மாறியிருந்தாலும் அந்த எண் மாறாது; அதைக் கொண்டு மோக்காவில் கேட்டால் அவருக்குரிய பதிவைத் தேடி எடுக்க வழி உண்டு.