மன்னாருக்குப் போகுமுன் குளக்கட்டில் வாத்து பார்த்துப் பழகுவது எப்படி?

தை, மாசியில் மன்னாரின் வங்காலைப் பக்கம் போனால் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் ஆயிரக்கணக்கில் கிடக்கும். 2008இல் சரணாலயமாக அறிவித்து, 2010இல் ராம்சார் பட்டியலிலும் (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்த்த இடம். ஆனால் முதல்முறை போகிறவருக்கு அவ்வளவும் தூரத்து மண்ணிறப் பொட்டுகள்தான். அங்கே போய்ப் பழகலாம் என்றால் வெயில் ஏறி நாளும் போய்விடும். ஊரில் குளம் இருக்கும்போது எதற்கு அந்தப் பாடு?

படி 1: ஒரே குளம், ஒரே நேரம். கந்தளாய்க் குளம் என்றில்லை, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்னக் குளமும் போதும். விடிந்ததும் போங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நடங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். கார்த்திகை, மார்கழி மழையில் குளம் நிரம்பினால் பறவைகள் சிதறிவிடும். மழை விட்டு அலைகரையில் சேறு தெரியத் தொடங்கும்போது நன்றாக இருக்கும்.

படி 2: பைனாகுலர். 8x42 வாங்குங்கள் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம்). கடைக்காரர் 10x, 20x என்று தூக்கிக் காட்டுவார், மயங்காதீர்கள். பெரிதாகக் காட்டக் காட்டக் கை நடுக்கமும் பெரிதாகும். ஃபோன் கேமராவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

படி 3: இரண்டு கண்ணுக்கும் பொருத்துவது. எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான், பலரும் பைனாகுலரைப் பழுது என்று மூட்டை கட்டுவதும் இங்கேதான். முதலில் இரு குழல்களையும் விரித்தோ சுருக்கியோ ஒரே வட்டம் தெரியச் செய்யுங்கள். பிறகு வலது பக்க முன் கண்ணாடியைக் கையால் பொத்தி, இடக் கண்ணால் பட்டமரத்தின் மெல்லிய கிளையொன்றைப் பார்த்து, நடுச் சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். இப்போது இடது பக்கத்தைப் பொத்துங்கள். நடுச் சக்கரத்தைத் தொடவே கூடாது. வலக் கண் வைக்கும் இடத்தில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகி அதே கிளையைத் தெளிவாக்குங்கள். சரி, அவ்வளவுதான். இனி எந்தத் தூரத்துக்கும் நடுச் சக்கரம் மட்டும் போதும். பைக்குள் உரசி அந்த வளையம் நகரும், அதனால் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

படி 4: பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து சக்கரத்தைத் தேடினால் போச்சு.

படி 5: நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், நடத்தையையும் பாருங்கள். சீழ்க்கைச் சிறகி பகலில் கரையோரம் கூட்டமாக ஒதுங்கிக் கிடக்கும். கிளம்பினால் சீழ்க்கையடித்துக்கொண்டே பறக்கும். தாமரை இலைகளுக்கு நடுவே வெள்ளை முகத்தோடு நீந்தும் குட்டி வாத்து, குள்ளத்தாரா. அதில் பெண்ணுக்குக் கண்ணை ஊடறுத்து ஒரு கருங்கோடு ஓடும். உருண்டையாக, வாலே இல்லாததுபோல் மிதந்து, சட்டென்று முங்கி வேறிடத்தில் எழும்புவது முக்குளிப்பான், வாத்தே இல்லை. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம் என்றால் நாமக்கோழி. அதுவும் வாத்து இல்லை. குளிர்காலத்தில் வரும் நீலச்சிறகிகளில் ஆணும் பெண்ணும் பெரும்பாலும் ஒரே மண்ணிறமாக இருக்கும். ஆண் பறக்கும்போது சிறகின் முன்பாதி வெளிர்நீலமாகப் பளிச்சிடும், அதைப் பிடியுங்கள். இந்த ஐந்தும் பழகினால் மன்னாரில் புதிதாகக் கண்ணில் படுவதைத் தனியே பிரித்துவிடலாம்.

குறிப்பெடுக்கக் கொப்பியும் பென்சிலும்தான் என் கட்சி. பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இபேர்ட் (eBird) செயலி நல்லதுதான், வீட்டுக்கு வந்து ஏற்றிக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு வட்டம் சின்னதாகத் தெரிகிறதாம். கண் வைக்கும் ரப்பர் வளையங்களை உள்ளே மடித்தோ திருகி இறக்கியோ விட்டுப் பாருங்கள், கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். இன்னொருவர் மாலையில் போகலாமா என்று கேட்டிருந்தார். கந்தளாய்ப் பக்கம் பொழுதுபட்டால் யானை வரும், அலைகரையில் முதலையும் உண்டு. காலையிலேயே போங்கள், கட்டை விட்டு இறங்காதீர்கள்.