கல்லனை லண்டனின் கைக்கூலி ஆக்காதீர்கள்

19-ஆம் நூற்றாண்டு அயர்லாந்தைப் பற்றிப் புதிதாக எழுதுகிறவர்கள் திருத்தச் சொல்லி எனக்குக் கட்டுரை அனுப்புவார்கள். பெயர் பிசகுவது, வருடம் மாறுவது எல்லாம் பரவாயில்லை. நான் ஒரு காலத்தில் அடித்த கூத்தையே அவர்களும் அடிக்கும்போதுதான் எரிச்சல் வருகிறது.

“சர்ச் பிரிட்டிஷ்காரன் பக்கம்” என்று முடித்துவிடுவது

டப்ளின் பேராயர் பால் கல்லன் ஃபீனியன்களை, அதாவது பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் விரட்டப் பார்த்த ரகசிய இயக்கத்தாரை எதிர்த்தார், ஆகவே அவர் லண்டனின் ஆள் என்று ஒரு கூட்டத்தில் நாற்பது நிமிடம் முழங்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். “தம்பி, அரசாங்கம் திறந்த குயின்ஸ் கல்லூரிகளை 1850-இல் தர்ல்ஸ் ஆயர் மன்றத்தில் கண்டிக்க வைத்தது யாரு?” கல்லன்தான். அச்சுக்குக் கொடுத்திருந்த கட்டுரையை மறுநாளே திரும்ப வாங்கினேன். மூன்று மாத உழைப்பு போச்சு.

அவருடைய பயம் ரோமில் பிறந்தது. அங்கே ஐரிஷ் கல்லூரியின் அதிபராக இருந்தவர் அவர். 1848-இல் பாப்பரசர் ஒன்பதாம் பயஸ் சாதாரணப் பாதிரியார் வேஷத்தில் கயேட்டாவுக்குத் தப்பி ஓடியதும், பிறகு இத்தாலியப் புரட்சியாளர் மாத்சினியின் குடியரசு ரோமில் வந்து உட்கார்ந்ததும் அவர் அங்கே இருந்த காலத்தில்தான். அப்புறம் 1858-இல் ஃபீனியன் தலைவர் ஜேம்ஸ் ஸ்டீஃபன்ஸ் டப்ளினில் ரகசியச் சத்தியம் வாங்கி ஆள் சேர்க்க ஆரம்பித்தார் என்றால், கல்லனுக்கு யார் ஞாபகம் வந்திருக்கும்? 1861-இல், பழைய ஐரிஷ் கிளர்ச்சிக்காரர் மக்மானஸின் உடல் அமெரிக்காவிலிருந்து வந்தபோது பேராலயத்தில் வைக்க அவர் இடம் தரவில்லை. கடைசியில் அது மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட்டில்தான் வைக்கப்பட்டது.

பாதிரிகள் எல்லோரும் ஒரே கட்சி என்பது

அதே மக்மானஸின் கல்லறையருகே நின்று பேசியவர் பேட்ரிக் லவெல், ஒரு பாதிரியார்! கல்லனுக்கு எவ்வளவு கோபம் வந்தும் லவெலை ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் டியூம் பேராயர் மெக்ஹேல் அவரைக் காத்து நின்றார்.

ஃபீனியன்கள் நாத்திகர்கள் என்பது

இல்லை. ஃபீனியன் தலைவர்களில் ஒருவரான கிக்கம் பக்தியுள்ள கத்தோலிக்கர்.

நரகம் சூடு போதாது

கெர்ரி ஆயர் மோரியார்டி 1867 பிப்ரவரியில் கில்லார்னியில் சொன்னது: தண்டிக்க நித்தியமும் போதாது, நரகத்தின் சூடும் போதாது. யாரை என்று பாருங்கள். ஃபீனியன் சதியின் தலைவர்களை. பின்னால் போன பையன்களை அல்ல.

1867 நவம்பரோடு கதையை நிறுத்துவது

அந்த மாதம் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மூன்று ஃபீனியன்களைத் தூக்கிலிட்டதும் அயர்லாந்தில் பல பாதிரியார்கள் அவர்களுக்காகப் பூசை வைத்தார்கள். உடனே “சர்ச் மனம் மாறிவிட்டது” என்று எழுதிவிடாதீர்கள். 1870 ஜனவரியில் ரோம் ஃபீனியன்களைப் பெயர் சொல்லியே கண்டித்தது.