இரண்டு டொமைன், ஒரே ஹெடர்

எங்கள் ஜாவா அப்ளிகேஷன் டாம்கேட் என்ற சர்வரில் ஓடுகிறது. வாடிக்கையாளர் தளம் ஒரு டொமைனில், அட்மின் தளம் இன்னொன்றில். இரண்டும் டேட்டாவுக்கு ஒரே ஏபிஐயைத்தான் கூப்பிடும். வேறு டொமைனில் இருக்கும் பக்கம் பதிலைப் படிக்க, சர்வர் ஹெடர் (பதிலோடு போகும் குறிப்பு) மூலம் அனுமதி தர வேண்டும், இல்லையென்றால் பிரவுசர் தடுத்துவிடும்; இந்த முறைக்குப் பெயர்தான் கார்ஸ். முதலில் ஃபில்டரில் (கோரிக்கைகளை வழியிலேயே பிடிக்கும் கோடில்), ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் ஹெடருக்கு இரண்டு முகவரிகளையும் கமா போட்டு எழுதினேன். இரண்டு தளமும் நின்றுபோயின.

அந்த ஹெடரில் ஒரே ஒரு ஆரிஜின்தான் (https, டொமைன், போர்ட் சேர்ந்த தள முகவரி) வரலாம், இல்லையென்றால் எந்தத் தளமும் வரலாம் என்று சொல்லும் நட்சத்திரக் குறி. எங்கள் லாகின் குக்கீயை நம்பி இருக்கிறது. குக்கீயோடு போகும் கோரிக்கைக்கு நட்சத்திரத்தை பிரவுசர் ஏற்காது.

அதனால் அனுமதித்த முகவரிகளை ஒரு செட்டில் வைத்தேன். வரும் ஆரிஜின் அதில் அப்படியே இருந்தால் மட்டும், அதையே திருப்பி அனுப்புகிறேன். கூடவே, குக்கீயை அனுமதிக்கும் அலவ்-கிரெடென்ஷியல்ஸ் ஹெடருக்கு ட்ரூ. செட்டில் எழுதும் முகவரியின் கடைசியில் சாய்கோடு கூடாது; அந்த ஒற்றைக் கோட்டில் எனக்கு அரை நாள் போனது. பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் ஒப்பிட்டு அனுமதிக்காதீர்கள், அதே எழுத்துகளில் முடியும் வேறொருவர் டொமைனும் உள்ளே வந்துவிடும்.

அப்புறம் ஜேசன் அனுப்பும் போஸ்ட் மட்டும் தோற்றது. பிரவுசர் முன்கூட்டியே ஒரு ஆப்ஷன்ஸ் கோரிக்கை அனுப்பிப் பார்க்கிறது, அதில் குக்கீ இருக்காது. லாகின் ஃபில்டர் அதற்கு 401 (லாகின் செய்யவில்லை) கொடுத்துக்கொண்டிருந்தது. ஃபில்டர்களின் வரிசையைச் சொல்லும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில், கார்ஸ் ஃபில்டரின் மேப்பிங்கை லாகின் ஃபில்டருடையதற்கு மேலே நகர்த்தினேன். ஆப்ஷன்ஸ் வந்தால், அனுமதித்த மெத்தடுகளையும் கன்டென்ட்-டைப்பையும் சொல்லி, அங்கேயே 204 (சரி, உள்ளடக்கம் எதுவும் இல்லை) அனுப்பினேன். உடனே ஓடியது.

பதில் எதைப் பொறுத்து மாறும் என்று கேஷுக்குச் சொல்லும் வேரி ஹெடரில் ஆரிஜின் என்று போடவும் மறக்காதீர்கள். இல்லையென்றால் ஒரு தளத்துக்குப் போன பதிலை கேஷ் அடுத்த தளத்துக்குக் கொடுத்துவிடும்.