பழைய வீட்டை விற்கப் போகிறீர்களா? ஆள் வந்து பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

மேற்குத் தாம்பரத்தில் அப்பா 1988ல் கட்டிய வீட்டை விற்று முடிக்க எங்களுக்கு ஒன்பது மாதம் ஆனது. முதல் ஐந்து மாதம் வந்தவர்கள் எல்லாரும் ஹாலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு "வீட்ல பேசிட்டுச் சொல்றோம்" என்று போனார்கள். ஒருவரும் திரும்பக் கூப்பிடவில்லை. அதற்கப்புறம்தான் நானும் தங்கையும் உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொன்றாகச் சரி செய்தோம். முதல் தடவையாக வீடு விற்கிறவர்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்பதால் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்க்க வருகிறவர் தன் சேமிப்பு முழுவதையும், அதற்கு மேல் இருபது வருடக் கடனையும் இந்த வீட்டில் போடப் போகிறார். எங்கே என்ன கோளாறு ஒளிந்திருக்கிறதோ என்ற பயத்தோடுதான் வாசல்படி ஏறுகிறார். அந்தப் பயத்தைக் குறைக்கிற எந்தச் செலவும் வீணாகாது. அழகுக்காக மட்டும் செய்கிற செலவு பெரும்பாலும் திரும்பி வராது.

படி 1: பெயின்டரைக் கூப்பிடும் முன் பத்திரங்களை எடுங்கள்

ஒரு நல்ல ஃபைல் வாங்கிக்கொள்ளுங்கள். கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, புல வரைபடம், அனுமதி வாங்கிய கட்டட வரைபடம், கடைசியாகக் கட்டிய சொத்துவரி ரசீது, கரண்ட் பில் எல்லாவற்றையும் அதில் வரிசையாக வையுங்கள். வில்லங்கச் சான்றிதழை, அதாவது சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் சான்றிதழை, பதிவுத்துறை இணையதளத்திலேயே நீங்களே போட்டுப் பார்க்கலாம். வங்கிக் கடனில் வாங்குகிறவர் என்றால் பெரும்பாலும் 30 வருட வில்லங்கம் கேட்பார்கள், அதனால் அத்தனை வருடத்துக்கும் போட்டுப் பாருங்கள். அப்பாவோ அம்மாவோ தவறிப்போய் பிள்ளைகள் சேர்ந்து விற்பதாக இருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டிய எல்லாரும் விற்பதற்கும் விலைக்கும் மனதார ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆள் வந்து விலை பேசும்போது அண்ணன் தம்பிக்குள் பேச்சு ஆரம்பித்தால் வந்தவர் அன்றைக்கே போய்விடுவார்.

இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. அப்பா 2011ல் மாடி கட்ட வீட்டை வைத்துக் கடன் வாங்கி, 2018ல் முழுசாகக் கட்டி முடித்தார். அசல் பத்திரமும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் வில்லங்கத்தில் அந்த அடமானம் அப்படியே நின்றது. கடன் முடிந்ததற்கான ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அது எங்களுக்குத் தெரியாது. வங்கியில் சொல்லி, ஆள் வரவழைத்து, பதிவு செய்ய ஆறு வாரம் ஆனது. வீடு பிடித்துப்போய் அட்வான்ஸ் தரத் தயாராக இருந்த ஒரு குடும்பம் அதற்குள் சேலையூரில் வேறு வீடு பார்த்துவிட்டது. உங்கள் வீட்டின் மேல் எப்போதாவது கடன் இருந்திருந்தால் இதை இன்றைக்கே பாருங்கள்.

படி 2: பொருள்களைக் குறையுங்கள்

முப்பது வருடம் குடும்பம் நடந்த வீட்டில் எல்லாப் பரணும் நிறைந்திருக்கும், எல்லாக் கதவுக்குப் பின்னாலும் ஏதாவது தொங்கும். பார்க்க வருகிறவருக்கு வீட்டின் அளவே தெரியாது. ஒரு நாளைக்கு ஓர் அறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். புது வீட்டுக்கு எடுத்துப் போவது, சொந்தக்காரருக்கோ வேலைக்கு வருகிறவருக்கோ கொடுப்பது, காயலான் கடைக்குப் போவது என்று மூன்று குவியல் போதும்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள். அம்மா ஒரு பழைய அலுமினியக் குண்டானைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதை எடுத்துக் குவியலில் போட எனக்கு ஒரு நொடிதான் ஆகும், ஆனால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டோம். அந்தக் குண்டான் இப்போது கோயம்புத்தூரில் என் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. ஒரு வாரம் கூடுதலாக ஆனால் ஆகட்டும்.

அதற்காக வீட்டைச் சுத்தமாகக் காலி செய்துவிடாதீர்கள். காலியான அறை சின்னதாகத் தெரியும், சுவரில் உள்ள ஒவ்வொரு கீறலும் கண்ணில் படும். படுக்கை அறையில் ஒரு கட்டில், ஹாலில் நாலு நாற்காலி, சமையலறையில் அன்றாடம் புழங்கும் பாத்திரம் இருந்தால் போதும். காலண்டர் மாட்டியிருந்த ஆணிகளைப் பிடுங்கி ஓட்டைகளை அடையுங்கள்.

படி 3: ஓதம்

இந்த ஒரு விஷயத்தில்தான் பழைய வீடுகள் விலை போகாமல் நிற்கின்றன, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சுவரில் ஓதம், அதாவது ஊறி நிற்கும் ஈரம், இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். மழை பெய்த அடுத்த நாள் சீலிங்கில் கறை பெரிதானால் மொட்டை மாடியிலிருந்து இறங்குகிறது. மழையே இல்லாத மே மாதத்திலும் பாத்ரூமை ஒட்டிய சுவர் சில்லென்று இருந்தால் உள்ளே ஓடும் குழாயிலோ தரை டைல்ஸ் இடுக்கிலோ கசிவு. தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் உப்புப் பூத்து, பெயின்ட் உரிந்திருந்தால் அஸ்திவாரத்திலிருந்து மேலே ஏறுகிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. மாடிக் கசிவு என்று சந்தேகம் வந்தால், தளம் எடை தாங்குமா என்று கொத்தனாரிடம் கேட்டுக்கொண்டு, மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்களை அடைத்து இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள், எந்த இடத்தில் கசிகிறது என்று கீழே தெரிந்துவிடும். எங்கள் மாடியில் தளத்தின் மேல் பதித்த தட்டோடுகளின் இடுக்குகளில் பூச்சு போயிருந்தது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் ஒரு விரிசல். இரண்டையும் அடைத்து மேலே நீர்க்காப்புப் பூச்சு அடித்ததோடு சரியானது.

அப்புறம் சுவர் காய வேண்டும். இதற்கு வாரக் கணக்கில் ஆகும், இதில் அவசரப்பட்டால் எல்லாம் வீண். நாங்கள் முதல் தடவை அவசரப்பட்டோம். ஐப்பசி ஆரம்பத்தில் ஈரச் சுவர் மேலேயே பட்டி பார்த்து பெயின்ட் அடித்தோம், கார்த்திகை மழையில் அது கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பார்க்க வந்த ஒரு அம்மா அதில் விரலை வைத்து லேசாகத் தட்டினார், உள்ளங்கை அளவுக்கு உதிர்ந்து விழுந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் எந்த அறையையும் பார்க்கவில்லை. கசிவு இருந்ததைவிட, அதை மறைக்கப் பார்த்தோம் என்று அவர் நினைத்ததுதான் எனக்கு இன்றைக்கும் வருத்தம். பங்குனி, சித்திரை வெயிலில் இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். உடைத்தபோது, பூசியபோது, முடித்தபோது என்று போட்டோ எடுத்து, கொத்தனாருக்குக் கொடுத்த கணக்கையும் சேர்த்து அந்த ஃபைலில் வையுங்கள். "இங்கே ஓதம் இருந்தது, இப்படிச் சரி செய்தோம்" என்று காட்டினால் வருகிறவர் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

வெள்ளமும் அப்படித்தான். சென்னைப் புறநகரில் வீடு பார்க்கிற யாரும் 2015 டிசம்பரில் தண்ணீர் வந்ததா என்று கேட்காமல் போக மாட்டார்கள். எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்றது, வாசல்படியில் மூன்று படி ஏறியது, உள்ளே வரவில்லை. அதை அப்படியே, எந்தப் படி வரை என்று கையால் காட்டிச் சொன்னோம். பக்கத்து வீட்டில் விசாரித்தால் தெரிந்துவிடப் போகிற விஷயத்தில் பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது? சட்டமும் இதைக் கேட்கிறது: வாங்குபவர் சாதாரணமாகக் கவனித்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால் அதை அவர் சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு சொல்கிறது.

படி 4: கை படும் இடங்கள்

வருகிறவர் கை எங்கெல்லாம் படும் என்று ஒரு தடவை நடந்து பாருங்கள். கேட் தாழ்ப்பாள், வாசல் கதவு, ஸ்விட்ச், ஜன்னல் கொக்கி, பைப். கீலுக்கு எண்ணெய் விடுங்கள், மழையில் உப்பி நிலையில் உரசும் கதவை ஆசாரியை வைத்து இழையுங்கள், மஞ்சளான ஸ்விட்ச்களை மாற்றுங்கள், சொட்டும் பைப்புக்கு வாஷர் போடுங்கள். நிலைக்கதவு மரத்தை விரலால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் கரையான், அதற்கு மருந்து அடிக்காமல் மேலே பெயின்ட் அடிக்காதீர்கள். பைப்பில் படிந்த உப்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ போதும். மொசைக் தரையில் மட்டும் ஆசிட் ஊற்றாதீர்கள், பளபளப்பு போய்விடும். மெஷின் வைத்து பாலிஷ் போட்டால் முப்பது வருட மொசைக் புதுசு போல் ஆகும். என்னைக் கேட்டால் அதன் மேல் டைல்ஸ் ஒட்டுவது பாவம்.

தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். போர்வெல் எத்தனை அடி, கோடையில் எந்த மாதம் வரை வருகிறது, குடிக்க முடியுமா, மழைநீர்த் தொட்டி எங்கே என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். சம்பையும் மேல் தொட்டியையும் கழுவிவிடுங்கள், மூடியைத் திறந்து பார்க்கிறவர்கள் உண்டு.

படி 5: பெயின்ட்

எல்லா அறைக்கும் ஒரே வெளிர் நிறம். ஒரு சுவருக்கு மட்டும் அடர் நிறம் அடிப்பதெல்லாம் நாம் குடியிருக்கும்போது செய்ய வேண்டியது. காசு குறைவாக இருந்தால் வீட்டு முகப்பு, கேட், ஹால், சமையலறை என்ற வரிசையில் செய்யுங்கள். விற்பதற்காக மாடுலர் கிச்சன் போடாதீர்கள். வாங்குகிறவர் தன் விருப்பத்துக்கு எப்படியும் மாற்றுவார்.

படி 6: வாசனையும் வெளிச்சமும்

பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் இதை மறக்காதீர்கள். பாத்ரூம் தரைக் குழிக்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதுதான் கழிவுக் குழாயின் நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. நாலைந்து வாரம் யாரும் புழங்காவிட்டால் அது வற்றிவிடும், கதவைத் திறந்ததும் குப்பென்று அடிக்கும். வாரம் ஒரு முறை எல்லாக் குழியிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் போதும். ரூம் ஸ்ப்ரே அடித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும், ஜன்னலைத் திறந்து வைப்பதே நல்லது. ஜன்னலை மறைக்கும் கிளைகளை வெட்டிவிடுங்கள், இருட்டான அறைகளில் நல்ல எல்இடி விளக்கு போடுங்கள்.

படி 7: போட்டோவும் விளம்பரமும்

போட்டோவைக் காலை எட்டிலிருந்து பத்துக்குள், போனைக் குறுக்காகப் பிடித்து, நெஞ்சு உயரத்தில் வைத்து எடுங்கள். அறையின் மூலையில் நின்று எடுத்தால் முழுசாக வரும். அகலக் கோண லென்ஸ் அறையைப் பெரிசாகக் காட்டும், நேரில் வந்தவர் ஏமாந்துபோவார், வேண்டாம். தெரு, முகப்பு, ஹால், சமையலறை, அறைகள், மாடி, கார் நிற்கும் இடம் என்று பன்னிரண்டு பதினைந்து படம் போதும்.

விளம்பரத்தில் "அருமையான வீடு" என்று எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. மனை எத்தனை சதுர அடி, கட்டடம் எத்தனை சதுர அடி, எந்தத் திசை பார்த்த வாசல், தெரு எத்தனை அடி அகலம், கட்டிய வருடம், ஸ்டேஷனுக்கு நடந்தால் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். வாஸ்து பார்ப்பவர்கள் போனிலேயே திசைகாட்டி வைத்துக்கொண்டு வருவார்கள், அதனால் திசையை நீங்களும் சரிபார்த்து எழுதுங்கள். விலை சொல்லும்போது, வாங்குகிறவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தனியாகக் கட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். புரோக்கரிடம் கொடுத்தால் கமிஷன் எவ்வளவு என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் பார்க்க வருகிறவர்கள் குறைவு. அந்த மாதங்களைச் சுத்தம் செய்ய வைத்துக்கொண்டு, ஆவணியிலோ தையிலோ விளம்பரம் போடுங்கள்.

படி 8: பார்க்க வரும் நாள்

அரைமணி முன்னதாக ஜன்னல், திரை எல்லாம் திறந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, விளக்குகளைப் போட்டுவிடுங்கள். வீட்டார் சார்பில் ஒருவர் மட்டும் பேசட்டும். நாங்கள் மூன்று பேரும் பேசி, மூன்று பேரும் மூன்று பதில் சொன்ன நாள் உண்டு. ஒரு தடவை சுற்றிக் காட்டிவிட்டு, "நீங்க நிதானமாப் பாருங்க, நாங்க வெளியில இருக்கோம்" என்று திண்ணைக்கு வந்துவிடுங்கள். கணவனும் மனைவியும் கட்டிலை எங்கே போடலாம், அத்தைக்கு எந்த அறை என்று தங்களுக்குள் பேச ஆரம்பித்தால் நல்ல அறிகுறி, அந்தப் பேச்சுக்கு நாம் பக்கத்தில் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டை வாங்கிய குடும்பம் இரண்டாவது தடவை வந்தபோது, நாங்கள் உயரம் குறித்து வைத்திருந்த கதவு நிலையின் மேல் அவர்கள் பையன் சாய்ந்து நின்று பார்த்தான். அந்தக் கோடுகளை அழிக்காமல் விட்டிருந்தோம்.

படி 9: அட்வான்ஸ் வாங்கிய பிறகு

ஃபேன், கீசர், மோட்டார், இன்வெர்ட்டர், அலமாரி இதில் எது வீட்டோடு போகும், எது உங்களோடு வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அன்றைக்குக் காட்டிய வீடு பத்திரப்பதிவு நாளிலும் அப்படியே இருக்க வேண்டும், பெருக்கித் துடைத்து, தொட்டியில் தண்ணீர் ஏற்றி வையுங்கள். எந்த ஸ்விட்ச் எதற்கு, மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டலாம், மாடிக் குழாயில் எந்த மாதம் இலை அடைக்கும், நல்ல பிளம்பர் யார் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் இரண்டு பக்கம் எழுதி, சாவிக்கொத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். மோட்டார் கைப்பிடி கொஞ்சம் இறுக்கம், மேலே தூக்கிவிட்டு அப்புறம் திருப்ப வேண்டும் என்பதைக் கடைசியில் அம்மாவே தன் கையால் எழுதிச் சேர்த்தாள்.